ஊசிக்கு ஏற்ற கை: இசைத்தட்டுக் கருவியில் பொருத்தம் காணும் முறை

இசைத்தட்டு மறைந்தொழிந்த பொருள் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். 1982ஆம் ஆண்டில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்த பிறகு, வீடுகளில் இருந்த பெரிய கறுப்புத் தட்டுகள் பரணுக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. ஆனால் அந்நிலை மாறிவிட்டது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் விற்பனையான இசைத்தட்டுகள் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம். குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 இலட்சம். எண்ணிக்கையில் இசைத்தட்டு குறுந்தட்டை முந்தியது 1987ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுவே முதன்முறை.

தட்டுகளைப் பரணிலிருந்து இறக்குவோர், அவற்றை நன்றாகக் கேட்க வேண்டும் என்று விரும்புவது இயல்பே. அவர்களுள் ஒருவர் பெரும் பொருள் செலவிட்டு உயர்ந்த கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி வந்து, தம்மிடமுள்ள கருவியில் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் சிறு நெளிவு இருந்தாலும் ஊசி துள்ளுகிறது. இசையே இல்லாத இடத்திலும் ஒலிபெருக்கியின் கூம்புத்தாள் முன்னும் பின்னும் அசைகிறது. பாடகர் நீட்டிப் பிடிக்கும் சுரம் நடுங்குகிறது. கார்ட்ரிட்ஜில் பழுது என்று கருதி அவர் கடைக்கே அதைத் திரும்பக் கொண்டுபோகிறார். கடைக்காரர் வேறொரு கருவியில் பூட்டிப் பார்க்கிறார். அதே கார்ட்ரிட்ஜ் மாசின்றிப் பாடுகிறது!

பழுது எங்கே? கார்ட்ரிட்ஜிலும் இல்லை, அவருடைய கருவியிலும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையே பழுது. நல்ல மணமகனும் நல்ல மணமகளும் பொருத்தமில்லாத இணையாக அமைந்துவிடுவது போன்றது இது. இப்பொருத்தத்தை ஊகத்தால் அன்று, கணக்கால் முன்கூட்டியே அறியலாம். அக்கணக்கு உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கும் எட்டக்கூடியது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்புகள்

முதலில் உறுப்புகளின் பெயர்களை வரையறுத்துக்கொள்வோம். தட்டைச் சுழற்றும் மேடையைச் சுழல்தட்டு என்போம். தட்டில் ஒலி பதிந்துள்ள சுருள்வரியைத் தடம் என்போம். தடத்தினுள் ஓடும் வைரமுனை ஊசி. அவ்வூசியைத் தாங்கும் மெல்லிய தண்டு ஊசித்தண்டு. தண்டின் மறுமுனை கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டிக்குள் ரப்பர் போன்ற நெகிழ்பொருளில் பதிந்திருக்கும். கார்ட்ரிட்ஜைத் தாங்கி நிற்கும் நீண்ட கோலை ஆங்கிலத்தில் டோன் ஆர்ம் என்பர். நாம் அதனைக் கை என்றே வழங்குவோம். கையின் முன்னே கார்ட்ரிட்ஜ் பூட்டும் தலைப்பகுதி ஹெட்ஷெல். பின்னே சமன் செய்யும் குண்டு எதிர் எடை.

1948ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுநேரத் தட்டு, நிமிடத்திற்கு 33⅓ சுற்று சுழல்வது. அதன் ஒரு பக்கம் 20 நிமிடம் பாடினால், ஊசி 400 மீட்டருக்கும் அதிகமான தொலைவு தடத்தில் ஓடுகிறது. தடத்தின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 1957, 1958ஆம் ஆண்டுகளில் கடைக்கு வந்த ஸ்டீரியோ தட்டுகளில், தடத்தின் இரு சுவர்களும் தட்டின் பரப்புக்கு 45 பாகை சாய்ந்திருக்கும். ஒரு சுவரில் இடப்பக்க ஒலியும் மறுசுவரில் வலப்பக்க ஒலியும் பதிந்திருக்கும். எனவே ஊசி பக்கவாட்டில் மட்டுமின்றி மேலும் கீழும் அசைய வேண்டியிருக்கிறது.

ஊசியின் மீது நாம் வைக்கும் பாரம் 1 கிராம் முதல் 4 கிராம் வரைதான். எனினும் ஊசிமுனை சுவரைத் தொடும் இடம் மிக மிகச் சிறியதாகையால், அங்கே விழும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்குப் பல டன் என்று கணக்கிடுகின்றனர். பொருத்தம் தவறினால் கெடுவது செவியின்பம் மட்டும் அன்று. துள்ளும் ஊசி தடத்தின் சுவரை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. கார்ட்ரிட்ஜ் கெட்டால் வேறு வாங்கலாம். மறுபதிப்பே இல்லாத தட்டு கெட்டால் அதனை மீட்க வழியில்லை.

கைக்கு இட்ட இரு கட்டளைகள்

கார்ட்ரிட்ஜ் எதனை மின்குறியாக மாற்றுகிறது? ஊசியின் அசைவை அன்று. ஊசிக்கும் கார்ட்ரிட்ஜின் உடலுக்கும் இடையே உள்ள அசைவின் வேறுபாட்டையே மாற்றுகிறது. ஊசி அசையும்போது உடலும் அதனுடன் சேர்ந்தே அசைந்தால் மின்குறி பிறக்காது, ஒலியும் இல்லை. ஆகவே இசையைப் பொறுத்தவரை கை அசையாமல் நிற்க வேண்டும்.

ஆனால் தடம் சுருள்வரியாகையால் ஊசி வெளியிலிருந்து மையத்தை நோக்கி மெல்ல நகர வேண்டும். தட்டு நெளிந்திருந்தால் கை ஏறி இறங்க வேண்டும். நடுத்துளை சற்று விலகி அமைந்த தட்டானால், ஒவ்வொரு சுற்றிலும் கை பக்கவாட்டில் சென்று திரும்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் கை அசையாமல் நின்றால் ஊசித்தண்டு வளைந்துவிடும்.

வேகமான அசைவுக்கு நில். மெதுவான அசைவுக்கு நட. இவையே கைக்கு இட்ட இரு கட்டளைகள். ஒன்றுக்கொன்று முரண்போல் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே கை நிறைவேற்றுவது எவ்வாறு?

ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பல ரப்பர் வளையங்களைக் கோத்து, அதன் முனையில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுக. மேல்முனையைக் கையால் பிடித்து மிக மெதுவாக ஏற்றி இறக்குக. கல்லும் கையுடன் ஏறி இறங்கும். பின்னர் மிக விரைவாக நடுக்குக. ரப்பர் மட்டும் நீண்டு சுருங்கும், கல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தில் ஆட்டினால், கை சிறிதளவே அசைந்தாலும் கல் பேரளவில் துள்ளும்.

நம் கருவியில் நாம் பிடிக்கும் மேல்முனை ஊசி. ரப்பர் என்பது ஊசித்தண்டு பதிந்துள்ள நெகிழ்பொருள். கல் என்பது கார்ட்ரிட்ஜும் கையும். மெதுவான நெளிவுக்குக் கை உடன் நடக்கிறது. விரைவான இசைக்கு அசையாமல் நிற்கிறது. இடையே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பேரளவில் துள்ளுகிறது. இத்துள்ளலுக்கு ஒத்ததிர்வு என்று பெயர். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பரிவு என்று வழங்குகின்றன. ஒத்ததிர்வை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் அது எந்த அதிர்வெண்ணில் நிகழவேண்டும் என்பதை நாம் தேர்ந்துகொள்ளலாம். பொருத்தம் பார்த்தல் என்பதன் பெரும்பகுதி இத்தேர்வே ஆகும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை

அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் என்னும் அலகால், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று அளப்பர். 33⅓ சுற்றுத் தட்டு நொடிக்கு 0.56 முறை சுழல்கிறது. தட்டு முழுதும் ஒரே மேடாக வளைந்திருந்தால் ஊசிக்கு அது 0.56 ஹெர்ட்ஸ் அசைவு. சுற்றுவட்டத்தில் ஆறு மேடுகள் இருந்தால் 3.3 ஹெர்ட்ஸ். தட்டுகளில் காணும் நெளிவுகளின் வலிமை பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸிலிருந்து 8 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. நாம் நடக்கும்போது தரை அதிர்வதும் இவ்வெல்லைக்குள்ளேயே உண்டு.

மறுபுறம், மனிதச் செவிக்கு எட்டும் ஒலி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வின் மிகைப்பு அதன் அதிர்வெண்ணோடு நின்றுவிடுவதில்லை, அதன் 1.4 மடங்கு வரை பரவி நிற்கும். ஒத்ததிர்வு 12 ஹெர்ட்ஸில் இருந்தால் மிகைப்பு 17 ஹெர்ட்ஸில் ஓயும், இசைக்குத் தீங்கில்லை. அதுவே 16 ஹெர்ட்ஸானால் 22 ஹெர்ட்ஸ் வரை பரவித் தாழ்ந்த ஒலிகளைத் தொடும்.

ஆக, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெளிவின் ஆட்சி. 20 ஹெர்ட்ஸுக்கு மேலே இசையின் ஆட்சி. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வெளியில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், ஒத்ததிர்வை நிறுத்தவேண்டும் என்பது இத்துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி. 10 ஹெர்ட்ஸ் மிக உகந்தது என்பர்.

நெகிழ்வும் பயனுறு நிறையும்

ஒத்ததிர்வின் இடத்தை முடிவு செய்பவை இரண்டு. ஒன்று நெகிழ்வு, மற்றொன்று பயனுறு நிறை.

நெகிழ்வு என்பது ஊசித்தண்டு எவ்வளவு எளிதாக அசைந்து கொடுக்கிறது என்பதன் அளவு. 1 மில்லிநியூட்டன் விசைக்கு எத்தனை மைக்ரான் அசைகிறது என்று இதனைக் குறிப்பர். மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் பாரம் ஏறத்தாழ 10 மில்லிநியூட்டன் விசைக்குச் சமம். ஆகவே நெகிழ்வு எண் 10 என்றால், 1 கிராம் பாரத்திற்கு ஊசி 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசையும். 30 என்றால் அதைப் போல மூன்று மடங்கு. முன்னது விறைப்பான கார்ட்ரிட்ஜ், பின்னது இளக்கமானது.

பயனுறு நிறை என்பது கையைத் தராசில் வைத்தால் காட்டும் எடை அன்று. கை தன் அச்சில் சுழலும் பொருள். ஆதலால் அதன் ஒவ்வொரு பகுதியும் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதனை அசைப்பதன் அருமை அமைகிறது. தொலைவு இருமடங்கானால் அருமை நான்கு மடங்காகும். இவற்றையெல்லாம் கூட்டி, ஊசி இருக்கும் இடத்தில் எவ்வளவு நிறை வைத்தாற்போல் கை நடந்துகொள்கிறது என்று கணித்துச் சொல்வதே பயனுறு நிறை.

இதனால் விளையும் வியப்பு ஒன்று உண்டு. அச்சிலிருந்து ஊசி வரை 230 மில்லிமீட்டர் நீளமுள்ள கை ஒன்றைக் கொள்வோம். அதனைச் சமன் செய்ய, அச்சுக்குப் பின்னே 30 மில்லிமீட்டரில் 100 கிராம் குண்டு வைக்கலாம். அல்லது 60 மில்லிமீட்டரில் 50 கிராம் குண்டு வைக்கலாம். இரண்டும் சமன் செய்வதில் ஒன்றே. ஆனால் முன்னது பயனுறு நிறைக்குச் சேர்ப்பது 1.7 கிராம், பின்னது சேர்ப்பதோ 3.4 கிராம். கனமான குண்டை அச்சருகே வைத்தால் கை இலேசாக நடக்கிறது. இலேசான குண்டைத் தள்ளி வைத்தால் கை கனமாக நடக்கிறது! ஆனால் முன்முனையில், ஹெட்ஷெல்லில் 5 கிராம் கூட்டினால், அந்த 5 கிராமும் ஏறக்குறைய முழுமையாகவே சேர்ந்துவிடும்.

கணக்கு

இனிக் கணக்கைக் காண்போம். கையின் பயனுறு நிறை, கார்ட்ரிட்ஜின் நிறை, திருகுகளின் நிறை ஆகிய மூன்றையும் கிராமில் கூட்டுக. கூட்டுத்தொகையை நெகிழ்வு எண்ணால் பெருக்குக. வரும் எண்ணின் வர்க்கமூலம் காண்க. 159ஐ அவ்வர்க்கமூலத்தால் வகுக்க. கிடைப்பது ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வின் இடமாகும். 159 என்னும் எண் எங்கிருந்து வந்தது எனக் கணித ஆசிரியர் கேட்கலாம். நாம் எடுத்துக்கொண்ட அலகுகளால் வரும் 1000 என்னும் எண்ணைப் பையின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பதே அது.

கணக்கை உயிருள்ளதாக்க, 1960களில் பிறந்த இரண்டு புகழ்பெற்ற கார்ட்ரிட்ஜ்களை எடுத்துக்கொள்வோம். இயல்பில் இவை இரு துருவங்கள்.

முதலாவது, ஜப்பானின் டெனான் டி.எல். 103. அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யுடன் இணைந்து 1960களின் தொடக்கத்தில் ஒலிபரப்பு நிலையங்களுக்கென்றே இதனை உருவாக்கினர். நாள் முழுதும் பலர் கைபட்டு உழைக்கவேண்டிய கருவியாதலின் உறுதியே இதன் முதற்குணம். நிறை 8.5 கிராம், ஊசிப்பாரம் 2.5 கிராம். தண்டு விறைப்பானது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் விரும்பி வாங்கப்படுவது.

இரண்டாவது, அமெரிக்காவின் ஷூர் வி-15. 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெயரிலுள்ள 15, ஊசி மேலும் கீழும் அசையும் தளத்தின் சாய்வுப் பாகையைக் குறிப்பது. பின்வந்த மூன்றாம் வகை 1973ஆம் ஆண்டினது. அதற்கு ஊசிப்பாரம் 0.75 முதல் 1.25 கிராம் வரையே போதும். நிறை ஏறத்தாழ 6 கிராம். தண்டு மிக இளக்கமானது. அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டில் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பழைய உருப்படிகளைத் தேடி வாங்குவோர் இன்றும் உளர்.

கணக்கில் இறங்குமுன் ஒரு பொறியைச் சுட்டவேண்டும். டெனானின் நெகிழ்வு எண் 5 என்று அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்த எண். ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் அவ்வாறே அளப்பன. நமக்கு வேண்டியதோ 10 ஹெர்ட்ஸில் உள்ள எண். நெகிழ்பொருள் மெதுவான அசைவுக்கு அதிகம் இளகிக்கொடுக்கும். அதனால் 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரை முதல் இருமடங்கு ஆக்கிக்கொள்வது வழக்கம். இது திட்டமான விதி அன்று, கைக்கணக்கே. டெனானுக்கு 10 என்றும், ஷூர் போன்ற இளகிய கார்ட்ரிட்ஜுக்கு 30 என்றும், திருகுகளுக்கு 1 கிராம் என்றும் கொள்வோம்.

பயனுறு நிறை 5 கிராம் உடைய இலேசான கையில் டெனானைப் பூட்டினால் ஒத்ததிர்வு 13.2 ஹெர்ட்ஸ், 12 கிராம் உடைய நடுத்தரக் கையில் 10.8 ஹெர்ட்ஸ், 25 கிராம் உடைய கனத்த கையில் 8.6 ஹெர்ட்ஸ். அதே மூன்று கைகளில் இளகிய கார்ட்ரிட்ஜைப் பூட்டினால் முறையே 8.4, 6.7, 5.1 ஹெர்ட்ஸ்.

இவ்வெண்கள் சொல்வது யாது? இளகிய கார்ட்ரிட்ஜுக்கு இலேசான கை ஒன்றே பொருந்துகிறது. கனத்த கையில் அது 5.1 ஹெர்ட்ஸுக்கு இறங்கி நெளிவுகளின் நடுவே போய் நிற்கிறது. தொடக்கத்தில் நாம் கண்ட துள்ளலும் நடுக்கமும் இதனால் விளைந்தவையே. டெனானுக்கோ நடுத்தரக் கையும் கனத்த கையும் பொருந்துகின்றன. பட்டறிவுடையோர் அதற்குக் கனத்த கையையே பரிந்துரைப்பதற்கும் காரணம் உண்டு. நெகிழ்வு எண்ணை 10 என்று கொள்ளாமல் ஒன்றரை மடங்காக 7.5 என்று கொண்டால், நடுத்தரக் கையில் ஒத்ததிர்வு 12.5 ஹெர்ட்ஸாக எல்லையைத் தாண்டுகிறது. கனத்த கையில் 9.9 ஹெர்ட்ஸாக நடுவில் நிற்கிறது. கைக்கணக்கு எப்பக்கம் பிழைத்தாலும் கனத்த கை காப்பாற்றிவிடுகிறது.

கைகளின் வரலாறு

கைகளும் காலத்திற்கேற்ப மாறிவந்தன. டென்மார்க்கின் ஆர்ட்டோபோன் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.பி.யு. என்னும் கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லுடன் ஒன்றாகவே அமைந்தது. இரண்டும் சேர்ந்து 30 கிராமுக்கு மேல். அதே ஆண்டில் இங்கிலாந்தில் அலஸ்டெயர் ராபர்ட்சன் ஐக்மன் என்பார் எஸ்.எம்.இ. என்னும் பெயரில் தம் முதற் கையை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவற்றுள் 3009 என்பது 9 அங்குலக் கை. 3012 என்பது 12 அங்குலக் கை. பின்னர் கார்ட்ரிட்ஜ்கள் இளகிவரவே, கைகளும் இளைக்கலாயின. 1970களின் பிற்பகுதியில் வந்த எஸ்.எம்.இ. மூன்றாம் வரிசைக் கையின் பயனுறு நிறை 5 கிராம் மட்டுமே. அதன் பிறகு விறைப்பான, சுருள் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ்கள் செல்வாக்குப் பெற்றதும், கைகள் மீண்டும் நடுத்தர நிறைக்குத் திரும்பின. பழைய கை ஒன்றை ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ வாங்குவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நன்று. அக்காலத்தில் மிக உயர்ந்ததெனப் போற்றப்பட்ட கை, இக்காலத்தின் மிக உயர்ந்த கார்ட்ரிட்ஜுக்கு ஒவ்வாததாக இருக்கக்கூடும்.

பலரிடமும் உள்ள டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வகைச் சுழல்தட்டின் கை, ஹெட்ஷெல் உட்பட ஏறத்தாழ 12 கிராம் பயனுறு நிறை உடையது. நடுத்தரமானதாகையால், நெகிழ்வு 10 முதல் 20 வரை உள்ள பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு அது இடம் கொடுக்கிறது.

சுழல்தட்டையும் மறக்கலாகாது. எட்கர் வில்ச்சர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.ஆர். சுழல்தட்டில், தட்டு மேடையும் கையும் ஒரே சட்டத்தில் அமர்ந்து, அச்சட்டம் வில்களின் மேல் மிதந்தது. தரையின் அதிர்வு ஊசியை எட்டாதபடி தடுக்கும் ஏற்பாடு அது. இவ்வகை மிதவைச் சட்டங்கள் பொதுவாக 3, 4 ஹெர்ட்ஸ் அளவில் ஊசலாடும். கையின் ஒத்ததிர்வும் 5 ஹெர்ட்ஸில் வந்து நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். மிதவைச் சுழல்தட்டு உடையோர் இளகிய கார்ட்ரிட்ஜைக் கனத்த கையில் பூட்டாதிருக்க இது மேலும் ஒரு காரணம்.

பொருந்தாததைப் பொருத்தும் வழிகள்

கையில் உள்ளதை வைத்தே சீர்செய்ய வழி உண்டா? ஓரளவு உண்டு. விறைப்பான கார்ட்ரிட்ஜ் இலேசான கையில் அமைந்துவிட்டால், கனமான ஹெட்ஷெல்லை மாற்றியோ, கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் இடையே பித்தளைத் தகடு வைத்தோ நிறையைக் கூட்டலாம். அதற்கேற்பப் பின்னே எதிர் எடையும் கூடவேண்டியிருக்கும். மறுதலையாக, இளகிய கார்ட்ரிட்ஜ் கனத்த கையில் அமைந்தால் செய்யக்கூடியது குறைவு. இலேசான ஹெட்ஷெல் சில கிராம்களைக் குறைக்கும், அவ்வளவே. கூட்டுவது எளிது, குறைப்பது அரிது என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மற்றொரு வழி தணிப்பு. துள்ளலின் இடத்தை மாற்றாமல் அதன் உயரத்தைக் குறைப்பது இது. சில கைகளில் அச்சருகே சிலிக்கன் எண்ணெய்த் தொட்டி ஒன்று அமைத்து, கையோடு இணைந்த சிறு துடுப்பு அதில் மூழ்கி நகரும்படி செய்வர். ஷூர் நிறுவனம் வி-15 நான்காம் வகையில், தட்டைத் தொட்டுச் செல்லும் சிறு தூரிகையையே தணிப்பானாக அமைத்தது. தணிப்பு நல்ல உதவி. ஆனால் பொருத்தத்திற்கு ஈடாகாது.

கோணமும் பாரமும்

நிறைப் பொருத்தம் அமைந்த பிறகு பூட்டும் முறையில் பிழை செய்தால் பயன் இல்லை. தட்டை வெட்டிய கருவி வெளியிலிருந்து மையத்திற்கு நேர்கோட்டில் சென்றது. நம் கையோ ஓர் அச்சில் சுழன்று வில்வளைவாகச் செல்கிறது. இதனால் தோன்றும் கோணப்பிழையைக் குறைக்கவே கையின் தலையைச் சற்று உட்புறம் திருப்பி, ஊசியைச் சுழல்தட்டின் மையத்திற்குச் சிறிது அப்பால் நீட்டி வைக்கின்றனர். டெக்னிக்ஸ் 1200இல் திருப்பம் 22 பாகை; நீட்டம் 15 மில்லிமீட்டர். சுவீடனைச் சேர்ந்த லோப்கிரன் 1938ஆம் ஆண்டிலும், பேர்வால்ட் 1941ஆம் ஆண்டிலும் இதன் கணிதத்தை வகுத்தனர். பேர்வால்ட் முறைப்படி இன்று அமைக்கும்போது, மையத்திலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர் தொலைவுகளில் கோணப்பிழை முற்றிலும் இல்லாதபடி அமைப்பர். கார்ட்ரிட்ஜுடன் வரும் அட்டைமானியில் உள்ள இரு புள்ளிகள் பெரும்பாலும் இவையே. 12 அங்குலக் கையில் இப்பிழை இன்னும் குறைவு; ஆனால் நீளம் கூடினால் பயனுறு நிறையும் கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

ஊசிப்பாரத்தைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. பாரம் குறையக் குறையத் தட்டுக்கு நல்லது என்பது அது. உண்மை அவ்வாறன்று. பாரம் போதாத ஊசி உரத்த இடங்களில் சுவரை விட்டு விலகி மீண்டும் மோதும். அம்மோதலே தடத்தைப் பெரிதும் கெடுக்கிறது. ஆகவே உற்பத்தியாளர் தந்த எல்லைக்குள், நடுவிலோ அதற்குச் சற்று மேலோ பாரத்தை வைப்பதே பாதுகாப்பு. டெனானுக்கு 1 கிராம் வைத்தால் அது தடத்தில் நிலைகொள்ளாது, ஷூருக்கு 2.5 கிராம் வைத்தால் அதன் தண்டு அமுங்கிவிடும். சிறு மின்தராசு ஒன்று வாங்கிவைத்தால் இவ்வையம் தீரும்.

நம் வீடுகளில் பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகளும் இருக்கக்கூடும். அவற்றின் தடம் நெடுநேரத் தட்டின் தடத்தை விட மிக அகலமானது. நெடுநேரத் தட்டுக்குரிய கூரிய ஊசியை அதில் இட்டால், அது சுவரைப் பற்றாமல் தடத்தின் அடியில் உராய்ந்து ஓடும், இரைச்சலே மிகும். 78 சுற்றுத் தட்டுக்கென அமைந்த பருத்த ஊசி தனியே கிடைக்கிறது. அதனையே பயன்படுத்தவேண்டும்.

வாங்குவோர் செய்யவேண்டுவன

கார்ட்ரிட்ஜ் வாங்கச் செல்லுமுன் தம் கையின் பயனுறு நிறையை அறிந்துகொள்ளவேண்டும். அவ்வெண்ணில் ஹெட்ஷெல்லும் அடங்குமா என்று கேட்கவேண்டும். கார்ட்ரிட்ஜின் நிறை, நெகிழ்வு, ஊசிப்பாரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, நெகிழ்வு எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று பார்க்கவேண்டும். பின்னர் மேற்கூறிய கணக்கைச் செய்யவேண்டும். விடை 8க்கும் 12க்கும் இடையே அமைந்தால் அஞ்சாமல் வாங்கலாம். 7 அல்லது 13 வந்தாலும் நெளிவில்லாத தட்டுகளில் பெருந்தீங்கு நேராது. 6க்குக் கீழோ 15க்கு மேலோ சென்றால், விலை எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த இணையை விட்டுவிடுதலே அறிவுடைமை. வாங்கிய பின் சரிபார்க்க, தாழ்ந்த அதிர்வெண்களைப் படிப்படியாகப் பதித்த சோதனைத் தட்டுகள் உண்டு; எந்த எண்ணில் கார்ட்ரிட்ஜ் கண்ணுக்குத் தெரிய நடுங்குகிறதோ அதுவே ஒத்ததிர்வின் உண்மை இடம்.

மின்பொருத்தமும் ஒன்று உண்டு. ஷூர் போன்று காந்தம் அசையும் வகை சில மில்லிவோல்ட் மின்குறி தரும். டெனான் போன்று சுருள் அசையும் வகை 0.3 மில்லிவோல்ட் அளவே தரும். பின்னதற்கு ஆம்ப்ளிபையரில் தனி ஏற்பாடோ, இடையே ஒரு மின்மாற்றியோ வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

நடுத்தர விலைக் கார்ட்ரிட்ஜ் தனக்கேற்ற கையில் அமைந்தால், பொருந்தாக் கையில் அமைந்த விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜை விட நன்றாகப் பாடும், தட்டையும் காக்கும். பத்து நிமிடக் கணக்கு பெருஞ்செலவைத் தடுக்கிறது. அதனினும் மேலாக, நம் முன்னோர் வாங்கிப் போற்றிவைத்த தட்டுகளில் உள்ள குரல்கள் இன்னும் பல ஆண்டுகள் சிதையாமல் ஒலிக்க அது துணைசெய்கிறது. தட்டைச் சுழலவிடுமுன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.